பூவுக்கு ஒரு நாள், மாத்திரைக்கு ஒரு நாள்

பூவில் மருந்து இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர் கேட்டால், இருக்கிறது என்று சொல்வது சரியா, இல்லை என்று சொல்வது சரியா? நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதா, விழுங்குவதா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பெயர் உண்டு. பூ படிச்சவ. கல்லூரி இறுதியாண்டில் நான் செய்த ஆய்வைப் பற்றி என் கணவர் ஊரெல்லாம் பெருமையடித்ததால் வந்த வினை. அது ஒன்றும் பெரிய ஆய்வில்லை. நித்தியகல்யாணிப் பூக்களைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டினேன். அந்தச் சாற்றில் ஒரு கரைசலைச் சொட்டினால் செங்காவி நிறத்தில் வண்டல் இறங்கும். இறங்கினால் ஆல்கலாய்டு என்ற வகைப் பொருள் அதில் இருக்கிறது என்று அர்த்தம். எந்த ஆல்கலாய்டு, எவ்வளவு, யாருக்கு உதவும், யாரைக் கெடுக்கும் என்பதையெல்லாம் அந்தச் சோதனை சொல்லாது. இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நானும் அவ்வளவோடு பட்டம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து எறா, அதாவது இறால், உரிக்கும்போது என்னிடம்தான் கேட்பார்கள். ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சுகர் குறையுமா? செம்பருத்தி போட்டால் முடி கொட்டுவது நிற்குமா? எருக்கம்பூவும் மிளகும் இழுப்புக்கு நல்லதென்று போனில் ஒருவர் சொல்கிறாரே, நிஜமா? எருக்கில் இருப்பது இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பேன். அப்படியென்றால் மருந்து இருக்கிறது என்பார்கள். இருக்கு, ஆனா என்று நான் தொடங்குவதற்குள் கேட்டவர் உரித்த எறாவை அலசப் போயிருப்பார். என் பேச்சில் அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதை இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

நானும் உறுதியான ஆள் இல்லை. மகளுக்குச் சளி கட்டியபோது என் மாமியாரான அத்தை தும்பைப்பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தை தெளிந்தாள். பூவாலா, தானாகவா என்று யோசித்து யோசித்து அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துபோனேன்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். என் மாமனாரின் கால் சின்ன விஷயமில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை கொடுப்பார்கள். ஏரியில் வலைக்கம்பு ஊன்றும்போது கிளிஞ்சல் ஓடு ஒன்று அவருடைய வலது கால் கட்டை விரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் மூடிவிடும் காயம். அவருக்கு மூடவில்லை. கட்டுப் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார். எங்கள் தெருவிலேயே இப்படி ஒரு காயத்தில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு, இப்போது கட்டையோடு நடப்பவர் ஒருவர் இருக்கிறார். தினமும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன். மாமாவும் பார்க்கிறார். பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு ஏரிக்குப் போகிறார்.

போகாமல் இருக்க முடியாததற்குக் காரணம் பாடு. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் எறா கூடுகிற இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. இன்றைக்கு ஒரு குழு, நாளைக்கு வேறொரு குழு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தன் முறை வரும் நாளில் போகாதவருக்கு அன்றைய வரும்படி போச்சு. பாடு முறையில் தகராறு வந்தால் என் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் கேட்டு, இருவருக்கும் மனக்குறை இல்லாமல் பிரித்துக் கொடுப்பதில் அவருக்கு அவ்வளவு பெயர்.

அந்த நல்ல பெயர்தான் எங்களைப் படுத்தியது.

ஒருநாள் காலை அவர் கொல்லை வேலியோரம் நின்றிருந்தார். அங்கே நித்தியகல்யாணிச் செடிகள் தாமாக முளைத்து ரோஸ் நிறத்தில் பூத்துக் கிடக்கும். மணலிலும் உப்புக்காற்றிலும் வளர்கிற செடி. இங்கே அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள்.

“இன்னாம்மா, இதுல சுகருக்கு மருந்து கீதுனு சொல்றாங்களே, நெசமா?”

நான் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டு முழுதாகச் சொன்னேன். பல நாடுகளில் இதைச் சர்க்கரைக்கென்று கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார்கள் என்றும், அது உண்மையா என்று ஆராயப் போனவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொன்னேன். இந்தச் செடியில் இருக்கும் சில பொருள்கள் ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கின்றன. அதனால் அவற்றைப் பிரித்தெடுத்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக்கினார்கள். அந்த நோய் வந்த குழந்தைகள் பலர் பிழைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு சிட்டிகை மருந்துக்குக் குவியல் குவியலாகச் செடி வேண்டும். சர்க்கரைக்கு இது மருந்தென்று இதுவரை மனிதர்களிடம் உறுதியாகவில்லை. இவ்வளவும் சொன்னேன்.

“அப்ப கீதுன்ற.”

“இருக்குது மாமா, ஆனா...”

“கீது. அது போதும்.”

சீப்பை எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பிறகு ஒருநாள் மாத்திரை வாங்கப் போக வேண்டிய நேரம் வந்தபோது, பழைய அட்டைகளில் பாதி அப்படியே இருந்ததைப் பார்த்தேன். மறதி என்று நினைத்துக்கொண்டேன். என்மீதே கோபம் வந்தது. கொடுத்துவிட்டு, விழுங்கினாரா என்று நின்று பார்த்திருக்க வேண்டாமா? மறுநாள் காலையில் தட்டோரம் மாத்திரையை வைத்துவிட்டு நின்றேன். மாமா மாத்திரையைத் தொடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மூன்று வயது மகள்தான் மாத்திரையை என் பக்கம் தள்ளினாள்.

“மாத்திர வேணாம்மா. இன்னிக்கி பூவோட பாடு.”

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமா மாத்திரைக்கும் பூவுக்கும் முறை வைத்திருந்தார். ஒருநாள் மாத்திரை. மறுநாள் அதைத் தொடாமல், காலையில் குழந்தை பறித்து வரும் பூக்களை மென்று தண்ணீர் குடிப்பது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாள் மட்டும் மாத்திரையின் நாளாக இருக்கும்படி பார்த்துக்கொள்வாராம். ஏமாற்றுவதற்காக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு ஆஸ்பத்திரி மருந்தை மதித்துப் போவதுதான் மரியாதை என்றார்.

“ஏன் மாமா இப்படி?”

“ஒரே எடத்துல ரெண்டு பேரு வல கட்னா ரெண்டு பேருக்கும் மாட்டாது. அதான் அதுக்கு ஒரு நாளு, இதுக்கு ஒரு நாளு. யாருக்கும் கொற இல்ல.”

மாத்திரை வலை இல்லை, தினமும் போட்டால்தான் வேலை செய்யும் என்றேன். தலையாட்டினார். ஒரு பூவில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மழை பெய்தால் ஒரு அளவு, வெயில் காய்ந்தால் ஒரு அளவு, மாத்திரையில் அளந்து வைத்திருக்கிறார்கள் என்றேன்.

“ஏரில மட்டும் இன்னா, தெனமும் அளந்தா எறா வருது? அதுக்காவ வல கட்டாம உட்டுட்டமா?”

கடைசியாக, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுத்தான் சொன்னேன். இந்தச் செடி குறைக்கும் என்று சொன்னேனே, அந்த வெள்ளை அணுக்கள்தான் புண்ணில் கிருமி ஏறாமல் காப்பவை. நாலு பூவை மென்றால் அவ்வளவு நடக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாதென்பதையும் சேர்த்தே சொன்னேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. “அவ்ளோ சத்தியா இதுக்கு? பாத்தியா, நீயே ஒத்துக்கின.”

அன்றைக்கு நான் பாத்திரங்களைக் கழுவிய சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் எந்த உண்மையைச் சொன்னாலும் அது பூவின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. படகிலிருந்து வந்த கணவரிடம் புலம்பினால், அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன்.

“நீ இல்லன்னு ஒரே வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா இந்தப் பஞ்சாயத்தே வந்துருக்காது. நைனா உன்ன நம்புறாரு. அதான் தொல்ல.”

அத்தை அதைவிட ஒரு படி மேலே போனார். “ஊரு சண்டையெல்லாம் தீத்து வெக்கிற மனுசன். மாத்திரைக்கும் பூவுக்கும் சண்ட மூட்டி உட்டு, அவரையே நாட்டாம பண்ண வெச்சிட்ட நீ.”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமா? என் கண்முன்னே செங்காவி வண்டல் இறங்கியது. இல்லாத ஒன்று எப்படி இறங்கும்? நாளைக்கு என் மகள் பள்ளியில் இதே பூவைப் படித்துவிட்டு வந்து, ஏம்மா அன்னைக்குப் பொய் சொன்ன என்று கேட்டால்? இப்படி யோசிப்பேன். அடுத்த நிமிடமே, மகளின் கேள்வி பெரிதா, மாமாவின் கால் பெரிதா என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

அந்த யோசனையெல்லாம் ஒரு மதியம் நின்றுபோனது. நான் எறா உரித்துக்கொண்டிருந்தேன். மகள் வேலியோரம் விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால் அவள் வாய் முழுக்க ரோஸ் இதழ்கள். அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தாள், தாத்தா மெல்லுவதைப் போலவே, கண்ணை மூடிக்கொண்டு.

“இன்னிக்கி என் பாடு” என்றாள்.

எறா நாற்றமடித்த விரலையே அவள் வாயில் விட்டுத் தோண்டினேன். அவள் கத்தினாள். எத்தனை பூ என்று கேட்டால் ஒரு முறை ஒன்று என்றாள், ஒரு முறை நிறைய என்றாள். கணவர் ஏரியில் இருந்தார். ஆட்டோ வைத்துச் சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். கூப்பிடாமலே மாமாவும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அங்கே இருந்த டாக்டர் என் வயதுப் பெண். குழந்தையைப் பரிசோதித்துவிட்டு, உள்ளே போனது கொஞ்சமாகத்தான் தெரிகிறது, வாந்தி எடுக்கிறாளா என்று சாயங்காலம் வரை இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார். வாந்தி வரவில்லை. பிஸ்கட் கேட்டாள். அதற்குள் டாக்டரின் கண் மாமாவின் காலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையின்மேல் விழுந்துவிட்டது. கட்டைப் பிரித்தார்கள். விரலுக்குக் கீழே ஓரங்கள் கறுத்திருந்தன. சர்க்கரை பார்த்தார்கள், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அன்றைக்குப் பூவின் பாடு. மாமாவே மறைக்காமல் முறையைச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். இப்படியே போனால் முதலில் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அது விரலோடு நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“பூவுல ஒண்ணும் கிடையாது பெரியவரே. சாமிக்கு வைக்கத்தான் லாயக்கு. மாத்திரையைத் தினமும் போடுங்க.”

அவருக்கும் தெரியும். அவரும் படித்தவர்தானே. வரிசையில் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு காலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அப்படித்தான் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, பொறாமையும் வந்தது.

திரும்பும்போது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். ஆட்டோ பாலத்தில் ஏறியபோது மாமா கேட்டார்.

“டாக்டரம்மா ஒண்ணும் இல்லன்னுது. நீ கீதுன்ன. ரெண்டு பேர்ல யாரு சொன்னது பொய்யி?”

ஒரே வார்த்தைதான் தேவை. நான்தான் மாமா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கணவர் சொன்னது, அத்தை சொன்னது, அந்தக் கறுத்த ஓரம் எல்லாம் நினைவுக்கு வந்தன. வாயைத் திறந்தேன்.

“இருக்குது மாமா. ஆனா...”

சொல்லிவிட்டு, வழக்கம்போல அவர் குறுக்கே பேசுவார் என்று நிறுத்தினேன். அவர் பேசவில்லை. குழந்தையைப் பார்த்தபடி, நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார். இத்தனை வருடங்களில் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் முறை. என்னிடம் வாக்கியமே இல்லை. அணு, அளவு, ஆராய்ச்சி எல்லாம் எங்கோ போய்விட்டன. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஆனா, கால் ஆறுற வரைக்கும் பூ தன்னோட பாட்டை மாத்திரைக்கு விட்டுக் குடுக்கட்டும் மாமா.”

ஒரு வீட்டில் சாவோ நோயோ வந்து வலை கட்டப் போக முடியாவிட்டால், அவர்களுடைய பாட்டை இன்னொரு குழுவுக்கு விட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். மாமா இரண்டு மூன்று முறை தலையாட்டினார். “இது நாயம்” என்றார். மறுநாள் காலையில் வேலியோரச் செடிகளையெல்லாம் அவரே பிடுங்கிப் போட்டார், குழந்தை கைக்கு எட்டக்கூடாது என்று. மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார். ஏரிக்குப் போவதையும் நிறுத்தினார். அவருக்குப் பதிலாக என் கணவரின் சித்தப்பா மகன் வலைக்குப் போனான். நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். பூ படிச்சவ ஒருவழியா பொழைக்கக் கத்துக்கிட்டா என்று அத்தைகூடச் சொன்னார்.

அந்த நிம்மதி, கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் போய்விட்டது. கறுப்பு மறைந்து உள்ளே சிவப்பாகச் சதை வளர்ந்திருந்ததைக் காட்டி, ஆறுகிறது மாமா என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவரும் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

“நல்லா ஆறட்டும். அப்பறம் பூவுக்கு உட்டுப்போன பாட்டெல்லாம் திருப்பிக் குடுக்கணும். நெறைய சேந்துபோச்சி.”

கையில் பஞ்சோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விட்டுக் கொடுத்த பாட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் பிறந்திருந்தால் யோசித்திருப்பேன். கடனாக வாங்கிய நாளை ஏப்பம் விட்டவனை இங்கே யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. பூவுக்கு மட்டும் அதைச் செய்தால் ஊரில் நாளைக்குத் தன் தீர்ப்பை யார் கேட்பார்கள் என்று அவர் உண்மையாகவே கவலைப்படுகிறார். அதாவது, கால் ஆறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பல நாள் பூ. எத்தனை நாள் என்பது அவர் மனக்கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் தப்பு வந்ததாக இதுவரை ஊரில் யாரும் சொன்னதில்லை.

வேலிக்கு வெளியே, பிடுங்கிப் போட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி, புதிய கன்றுகள் மணலில் முளைத்திருக்கின்றன. நான் பிடுங்குவேன். மறுபடி முளைக்கும். ஊரெல்லாம் இருக்கும் செடி. எத்தனையைப் பிடுங்குவது?

இப்போது ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் புண் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. செவிலியர் பாராட்டுகிறார். நானும் சிரிக்கிறேன். மாமனாரின் காயம் ஆறுவதைப் பார்த்துப் பயப்படுகிற மருமகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கணவர் இன்னும், இல்லைன்னு சொல்லிடு என்றுதான் சொல்கிறார். டாக்டரிடம் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். எனக்கு வேறொன்று வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் இப்படிப் பெரியவர் ஒருவரோடு மல்லுக்கட்டியவர்கள் இருப்பீர்கள். ஏரியின் பாடு முறை தெரிந்தவர்களும் இருக்கலாம். திருப்பித் தர வேண்டியதில்லாத பாடு என்று ஏதாவது உண்டா? பாட்டை விட்டுக் கொடுத்தவர், போனது போகட்டும் என்று மன்னித்துவிட வழி உண்டா? பூவின் சார்பில் அதை யார் சொன்னால் செல்லும்? இல்லையென்றால், பூவில் இருப்பதை இல்லையென்று சொல்லாமல், அதே சமயம் அவர் கையையும் நிறுத்துகிற ஒரு வாக்கியம் யாரிடமாவது இருந்தால் எழுதியனுப்புங்கள். சின்ன வாக்கியமாக இருக்கட்டும், அவர் எழுந்து போவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். புண் ஆறிக்கொண்டே வருகிறது.